வெள்ளைச் சேவல் நிரபராதி

போன வாரம் வடலூர் பஸ் ஸ்டாண்டில் நெய்வேலி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"மாமா, உங்க சேவல் ஒரு பாவமும் பண்ணல."

திரும்பிப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் ஒரு பெண். ஒரு தோளில் கைப்பை, மறு தோளில் தூங்கி வழிகிற ஒரு கைக்குழந்தை. முகம் நிறையச் சிரிப்பு.

பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்கள் மணி கேட்பார்கள். சில்லறை கேட்பார்கள். 'இந்த பஸ் கும்பகோணம் போகுமா' என்று கேட்டுவிட்டு நாம் சொல்லும் பதிலை நம்பாமல் கண்டக்டரிடம் போய்க் கேட்பார்கள். வலிய வந்து நம் வீட்டுச் சேவலுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா?

"கஸ்தூரி மாமா. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் முத்தையா பொண்ணு."

அட, கஸ்தூரி! அவள் அடுத்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறாமல் விட்டுவிட்டேன். அதற்கடுத்த பஸ்ஸையும் விட்டேன். அது என்ன என்று சொல்வதற்கு முன்னால் என் சேவலை உங்களுக்கு அறிமுகம் செய்தாக வேண்டும்.

இன்றைக்கு ஏழெட்டு வருஷம் முந்தி, எழுபதுகளின் கடைசி. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். எனக்கு மைன்ஸ் ஸ்டோர்ஸில் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் ஒரு பைத்தியம் பிடிக்கும். சிலருக்கு ரோஜாச் செடி, சிலருக்கு சீட்டுக் கச்சேரி. எனக்குக் கோழி. 'வெள்ளை லெகார்ன் வாங்கிப் போடுங்க, முட்டையாக் கொட்டும்' என்று எவரோ சொன்னதைக் கேட்டு, ஒரு பண்ணையிலிருந்து ஒரு ஜோடி வாங்கி வந்தேன். முட்டையாகக் கொட்ட வேண்டிய பெட்டையை வந்த வாரமே கீரி கொண்டு போய்விட்டது. முட்டைக்குச் சம்பந்தமில்லாத சேவல் மட்டும் தங்கிவிட்டது. நம் ராசி அப்படி.

ஆனால் சேவல் என்றால் சேவல். சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி மாதிரி வெள்ளை. மருந்துக்குக்கூட வேறு நிறம் கிடையாது. கொண்டையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்ததுபோல நடக்கும். என் மனைவி சரசு அதற்கு 'ஆபீசர்' என்று பெயர் வைத்தாள். ஆபீசருக்கு ஒரே ஒரு குறை. ஷிஃப்ட் தெரியாது. காலை ஷிஃப்டுக்குப் போகிறவனையும் எழுப்பும், நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அப்போதுதான் கண்ணை மூடியவனையும் எழுப்பும்.

அப்படி அடிக்கடி எழுப்பப்பட்டவர் பக்கத்து வீட்டு முத்தையா. சாத்தூர்ப் பக்கத்துக்காரர். மைன்ஸில் மண்ணை வாருகிற ராட்சச மெஷினில் ஆபரேட்டர். அவர் மனைவி பாக்கியம் என்னை வாய் நிறைய 'அண்ணாச்சி' என்பார். அதனால் அவர்கள் ஒரே மகள் கஸ்தூரிக்கு நான் மாமா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு செடி வேலி. அதன் மேலாகக் கறிவேப்பிலை, இரவல் டம்ளர், ஊர் வம்பு எல்லாம் தாராளமாகப் போய்வரும்.

கஸ்தூரி சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. ஜூவாலஜி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கெட்டிக்காரி. நல்ல கறுப்பு. கல்யாணத் தரகர் அதை 'மாநிறம்' என்பார். தரகர்கள் வாயில் மாநிறத்துக்குக் கீழே நிறமே கிடையாது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். 'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்' என்றார்கள். போனார்கள். ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்பதுகூடத் தெரியவில்லை. மறுபடி வேறு ஆட்கள், வேறு கேசரி, அதே வசனம்.

இதில் என்னால் பொறுக்க முடியாத ஒன்று உண்டு. எங்கள் ஊரில் லைட் எரிவது கரியால். அடுப்பு எரிவது கரியால். நாங்கள் சாப்பிடும் சோறு, கட்டும் வேட்டி, வாங்கும் போனஸ் எல்லாம் கரி. ஆயுத பூஜைக்கு அந்தக் கரிக்கே சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறோம். பெண் பார்க்கப் புறப்படும்போது மட்டும் எங்களுக்குச் சிவப்பு வேண்டும்!

பாக்கியத்துக்கு வெறுத்துப் போய்விட்டது. ஒரு நாள் ஊர் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, குலதெய்வம் கறுப்பசாமிக்கு நேர்ந்துகொண்டுவிட்டார். 'என் மகளுக்கு ஒரு வரன் குதிரட்டும். எங்க வீட்ல முட்டை வச்சு, எங்க வீட்ல பொரிச்சு, வேற நெறம் ஒரு இறகு கலக்காத கருஞ்சேவலா, தாலி ஏர்றதுக்கு முந்தி உனக்குக் கொண்டாந்து தர்றேன்.'

பெண் கறுப்பு என்பதுதான் புகார். புகார் கொடுத்ததோ கறுப்பசாமியிடம். அவருக்கு லஞ்சம் கருஞ்சேவல். சாமி அன்றைக்கு என்ன நினைத்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

நினைத்தது எதுவானாலும், வரன் வந்தது. சிவகாசியில் பாங்க் கிளார்க். நல்ல சிவப்பு. பெண் பார்க்க வந்த அன்று, அக்கம்பக்கத்துப் பெரிய மனுஷன் என்ற முறையில் நானும் எங்கள் வீட்டு மடக்கு நாற்காலிகளோடு போய் உட்கார்ந்திருந்தேன். கஸ்தூரி காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"கலர் கொஞ்சம் மட்டுதான். பரவாயில்ல. பிள்ளைக எங்க பையன் கலர்ல பொறந்துரும்."

மாப்பிள்ளை தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். கஸ்தூரி தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்புறம் நெடுநேரம் வெளியே வரவில்லை. பெண்ணுக்கு வெட்கம் என்று பேசிக்கொண்டோம்.

தை மாதம் கல்யாணம் என்று பேச்சு முடிந்தது. அப்போது வைகாசி. முட்டை குஞ்சாகி, குஞ்சு சேவலாக வேண்டிய அவகாசம் இருந்தது. கருஞ்சேவல் இல்லாமல் தாலி ஏறாது என்பதில் பாக்கியம் கறாராக இருந்தார். அவர்கள் சொந்தத்தில் யாரோ நேர்த்திக்கடனைப் பாக்கி வைத்துவிட்டுத் தாலி கட்டி, கல்யாண வேன் குப்புறக் கவிழ்ந்ததாம். பண்ருட்டிச் சந்தையில் நல்லதாக ஒரு கருஞ்சேவல் வாங்கிவிடலாமே என்று யோசனை சொன்னேன்.

"கறுப்பன்கிட்டயே டூப்ளிகேட்டா அண்ணாச்சி?" என்றார் பாக்கியம்.

ஆக, ஒரு பெண்ணின் கல்யாணம் இன்னும் போடாத ஒரு முட்டையை நம்பி நின்றது.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்குக் கீரையும் பலாச்சுளையும் கொண்டு வரும் அஞ்சலையிடம் கறுப்புப் பெட்டைக்கோழி ஒன்றுக்குச் சொல்லி வைத்தார்கள். கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள். அசல் கறுப்பு. காலும் கறுப்பு.

"இதும் ஆத்தா கறுப்புங்க. அதும் ஆத்தா கறுப்பு. எங்க வூட்ல அல்லாம் இந்த வம்சந்தான் மேஞ்சிகினு கெடக்குது" என்றாள் அஞ்சலை.

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்று முத்தையா தீர்ப்பெழுதிவிட்டார்.

தாயைப் பார்த்தாயிற்று. தகப்பன் யார்? தெருவில் திரும்பின பக்கமெல்லாம் இன்ஜினியர்கள், ஓவர்சீயர்கள், போர்மேன்கள். ஒருவருக்காவது இந்தக் கேள்வி தோன்ற வேண்டுமே. தெருவிலேயே வயசுக்கு வந்த சேவல் ஒன்றே ஒன்றுதான். அதன் எஜமானன் நான். எனக்கும் தோன்றவில்லை.

'ஜூவாலஜி படிச்சிருக்கே, கோழி டிபார்ட்மென்ட் இனிமே உன்னோடது' என்று கஸ்தூரியிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவளும் சரி என்று ஏற்றுக்கொண்டாள். கோழிக்குத் தீனி போடுவது, முட்டையைப் பத்திரப்படுத்துவது, அடை வைப்பது எல்லாம் அவள்தான்.

முத்தையா தன் பங்குக்குக் கொஞ்சம் விஞ்ஞானம் சேர்த்தார். கர்ப்பிணி குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவக்கும் என்று உலகமே சொல்கிறது. அப்படியானால், கரியைப் பார்த்துக்கொண்டே அடைகாத்தால் குஞ்சு கறுக்காதா? அடைக்கூடையைச் சுற்றிக் கரிக்கட்டிகளை அடுக்கினார். மேலே தன் கறுப்புக் குடையை விரித்து வைத்தார். அந்த ஆடி மாதத்துச் சாரலில் நனைந்துகொண்டே ஷிஃப்டுக்குப் போனார் மனிதர். கோழி மட்டும் குடைக்கடியில் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

குஞ்சு பொரித்தது. அத்தனையும் மஞ்சள். எலுமிச்சம்பழத்தைக் கொட்டின மாதிரி.

பாக்கியம் பதறிப்போய் அஞ்சலையைக் கூப்பிட்டுக் காட்டினார். அஞ்சலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றிரண்டின் முதுகில் கடுகளவு கறுப்புப் புள்ளி இருந்தது.

"தோ புள்ளி இருக்குதுல்ல. அது வளந்துகினே போயி ஒடம்பு முச்சூடும் பரவிடும் பாருங்க" என்று தைரியம் சொல்லிவிட்டுக் கீரைக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

குஞ்சுகள் வளர்ந்தன. இறகு முளைத்தது. சுண்ணாம்பு வெள்ளை. புள்ளி மட்டும் புள்ளியாகவே நின்றது.

அந்த நேரம் பார்த்து, கல்யாணப் புடவை விஷயமாகப் பேச மாப்பிள்ளையின் அம்மா வந்து சேர்ந்தார். கொல்லைப்புறம் கை கழுவப் போனவர் குஞ்சுகளைப் பார்த்துவிட்டார். கறுப்புத் தாய்க்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று ஓடும் பிள்ளைகள்.

"குஞ்செல்லாம் நல்ல கலரா இருக்கே" என்றார்.

"ஆமாங்க அத்தை. அப்பா கலர்ல பொறந்திருக்கு" என்றாள் கஸ்தூரி.

அம்மாளுக்கு ஏக சந்தோஷம். கஸ்தூரியின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் வெண்டைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பெண் எவ்வளவு பதவிசாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்திசாலித்தனத்துக்கு இதைவிட ஒரு சாட்சி வேண்டுமா?

ஆனால் 'அப்பா' என்ற சொல் முத்தையாவின் காதில் விழுந்து வேலை செய்துவிட்டது. வெள்ளைக் குஞ்சுகளைப் பார்த்தார். வேலிக்கு அப்பால் கொண்டையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் ஆபீசரைப் பார்த்தார். சாயல் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை வாசலில் வந்து நின்றார். ஆபீசர் வேலி தாண்டுகிறது என்றார். அவர் குரலைக் கேட்டால், தாண்டினது நான் என்றே பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். போய்ப் பார்த்தேன். வேலியில் ஒரு சேவல் தாராளமாகப் புகுந்து புறப்படும் அளவுக்கு ஓட்டை. முள் வைத்து அடைத்தேன். இரண்டு நாளில் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை. அதையும் அடைத்தேன். அப்படி என்ன மோகம் இந்தப் பிராணிக்கு என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியில் ஆபீசரைப் பஞ்சாரக் கூடைக்குள் போட்டுக் கவிழ்த்து, அதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். சஸ்பென்ஷன்.

முத்தையா கம்மாபுரத்திலிருந்து ஒரு கருஞ்சேவல் கொண்டுவந்தார். புதுக்கோழியை அப்படியே விட்டால் வந்த வழியே ஓடிவிடும் அல்லவா? வழக்கப்படி காலில் கயிறு கட்டி, வீடு பழகட்டும் என்று ஒரு வாரம் கொய்யா மரத்தடியில் போட்டார்கள். அது கோபமாக உட்கார்ந்திருந்தது. பெட்டை அதை ஏறெடுத்தும் பார்க்காமல் தன் பாட்டுக்கு முட்டையிட்டது. கஸ்தூரி அந்த முட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்து உடனே அடை வைத்துவிட்டாள். இப்போதே வைத்தால்தான் தைக்குள் சேவலாகும் என்றாள். படித்த பெண் சொன்னால் மறுபேச்சு உண்டா?

இந்த முறை குடை மட்டும் போதாதென்று முத்தையாவின் கறுப்பு ரெயின்கோட்டும் சேர்ந்துகொண்டது.

பொரித்தது. மறுபடியும் எலுமிச்சம்பழம்!

அன்றைக்கு எங்கள் தெரு இரண்டு பட்டது. நான் இரவில் ஆபீசரை அவிழ்த்து விடுவதாக முத்தையா சொன்னார். சரசு பஞ்சாரத்தையும் குழவியையும் காட்டி, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யத் தயார் என்றாள். பாக்கியம் அழுதார். அவர் அழுததுதான் எனக்குத் தாங்கவில்லை. கோழிக்காகவா அழுதார்? மகளின் கல்யாணம் கண்ணெதிரே மஞ்சள் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க சேவல் உள்ளதான் இருந்துச்சுன்னே வச்சுக்குவோம் சார். தாயும் கறுப்பு, தகப்பனும் கறுப்பு. வெள்ளை எங்கேருந்து வந்துச்சு? நீங்களே சொல்லுங்க" என்றார் முத்தையா.

கஸ்தூரியைப் பார்த்தேன். சில சமயம் அப்படியும் வரும் என்று முணுமுணுத்துவிட்டுக் குஞ்சுகளுக்குக் குருணை தூவப் போய்விட்டாள்.

வேலிக்கு மேலே கறிவேப்பிலைப் போக்குவரத்து நின்றது. இரவல் டம்ளர்கள் துலக்கித் திருப்பியனுப்பப்பட்டன. கம்மாபுரத்துச் சேவலை, கையாலாகாதது என்று பட்டம் கட்டி, கொடுத்தவரிடமே முத்தையா கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழ்வது? சிக்கலுக்கெல்லாம் மூலகாரணம் ஒழிந்தால் சமாதானம் வரும் என்று சரசு சொன்னாள். தீபாவளி வந்தது. மூலகாரணம் குழம்பாயிற்று. முதல் கிண்ணம் முத்தையா வீட்டுக்குப் போனது. அரை மணி நேரத்தில் அந்தக் கிண்ணம் நிறைய அதிரசத்தோடு திரும்பி வந்தது. அதிரசத்தின் மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலை.

சமாதானம் ஆனது. சேவல் ஆகவில்லை. இனிமேல் அடை வைத்தால் தைக்குள் ஒன்றும் தேறாது. கார்த்திகையில் முத்தையா ஒரு முடிவுக்கு வந்தார். முதல் ஈட்டில், அதாவது முதல் தடவை அடை வைத்ததில், பிறந்த வெள்ளை விடலைச் சேவல் ஒன்று நன்றாக வளர்ந்திருந்தது. அதைப் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது இன்னொரு கையில் ஒரு பாட்டில்.

தலைக்குப் போடும் டை.

முத்தையாவின் முடி இயற்கையிலேயே கறுப்பு என்று அதுவரை தெருவில் எல்லோரும் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

பாட்டில் முழுக்கத் தீர்ந்தும் சேவல் கறுக்கவில்லை. சாம்பல் நிறத்தில், மைன்ஸுக்குள் டபுள் டூட்டி பார்த்துவிட்டு வந்தவன்போல நின்றது. பாக்கியம் வந்து பார்த்தார். கறுப்பசாமி கண்ணைக் கட்டப் பார்க்கிறீர்களா என்று ஒரு பிடி பிடித்தார். கதை அதோடு முடிந்தது. அடுத்த டை பாட்டில் வாங்கும்வரை முத்தையாவின் தலையும் சேவலும் ஒரே நிறத்தில் இருந்தன.

கல்யாணத்தைத் தையிலிருந்து வைகாசிக்குத் தள்ள முடியுமா என்று முத்தையா ஆள் விட்டுக் கேட்டார். பதில் சொல்ல மாப்பிள்ளையின் மாமா நேரிலேயே வந்தார். நாற்காலியில் முழுசாகக்கூட உட்காரவில்லை.

"கோழி அடைகாக்குற வரைக்கும் எங்க பையன் காத்துக்கிட்டு இருக்க முடியுமா? வேற எடம் முடிச்சாச்சு" என்றார்.

பாக்கியம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முத்தையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி மட்டும் வந்தவருக்கு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு, பி.எட். சேரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டாள். கேட்டது எதற்கும் தலையாட்டுகிற நிலையில் இருந்தார் அவர். ஆட்டிவிட்டார்.

மாசியில்தான் அந்தக் கூத்து நடந்தது. முதல் ஈட்டு வெள்ளைக் குஞ்சுகள் பெரிதாகித் தாங்களே முட்டையிட்டுப் பொரித்தன. தகப்பன் அதே சாயம்போன விடலைச் சேவல். தாய் அதன் கூடப் பிறந்த வெள்ளைப் பெட்டை. மஞ்சள் குஞ்சுகளுக்கு நடுவில் ஒன்று கறுப்பாக நின்றது. வளர வளர இன்னும் கறுப்பு. வேறு நிறம் ஓர் இறகுகூட இல்லை. கறுப்புக் கோழியும் கரியும் குடையும் ரெயின்கோட்டும் சேர்ந்து கொடுக்காததை, இரண்டு வெள்ளைக் கோழிகள் சும்மா பெற்றுப் போட்டுவிட்டன.

முத்தையா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"போட்ட டை வீணாகலை பாத்தீங்களா சார்? உள்ள எறங்கியிருக்கு."

பாக்கியத்துக்குத்தான் சாமி மேல் மகா கோபம். கேட்டபோது கொடுக்காமல் இப்போது கொடுத்து என்ன பிரயோசனம் என்று புலம்பினார். அதுவும் எப்படிக் கொடுத்தார் கறுப்பசாமி? மாதம் இரண்டு போனதும் தெரிந்தது. அது பெட்டை. நேர்த்திக்கடனுக்கு ஆகாது.

ஆகாததால் பிழைத்தது. அந்த வீட்டில் அதைப் போல நீண்ட நாள் இருந்த கோழி வேறில்லை. பாக்கியம் திட்டிக்கொண்டே அதற்குத் தவிடு பிசைந்து வைப்பார். பிறகு எங்களுக்கு வேறு பிளாக்கில் குவார்ட்டர்ஸ் மாறியது. கஸ்தூரிக்கு எங்கேயோ கல்யாணம் ஆனதாகக் கேள்விப்பட்டதோடு சரி.

இப்போது வடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம்.

கஸ்தூரி விருத்தாசலம் பக்கம் ஒரு ஸ்கூலில் பயாலஜி டீச்சர். கூடவே வேலை பார்க்கும் கணக்கு வாத்தியாரைக் கல்யாணம் செய்திருக்கிறாள். அவராக வந்து கேட்டாராம். தரகரும் இல்லை, கேசரியும் இல்லை. கறுப்பசாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கணக்கை முடித்துக்கொண்டார்களாம். அந்த வரனைச் சாமி கொண்டுவரவில்லை, மகளே பார்த்துக்கொண்டாள், ஆகவே சேவல் பாக்கி இல்லை என்பது முத்தையாவின் வாதம்.

"அது சரி, என் சேவல்?" என்றேன்.

"அது வேலியே தாண்டல மாமா. நான்தான் வேலியப் பிரிச்சு விட்டுட்டு, நொய்யரிசியப் போட்டுப் போட்டுக் கூப்பிட்டேன்."

நெய்வேலி பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.

கிளாஸில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். லெகார்ன் சேவலின் வெள்ளை மற்ற நிறங்களை அமுக்கிவிடும். கறுப்புப் பெட்டையோடு சேர்ந்தால் குஞ்சுகள் மொத்தமும் வெள்ளைதான். ஒன்றிரண்டு கறுப்புப் புள்ளி விழுந்தால் உண்டு. இது அவளுக்குப் பாடத்திலேயே வந்ததாம். இரண்டாவது ஈடு? அதில் இன்னும் பெரிய வேலை. ஒரு தடவை சேவலோடு சேர்ந்த பெட்டை, அதன் உயிரணுக்களை இரண்டு மூன்று வாரம்கூட உடம்புக்குள் பத்திரமாக வைத்திருக்குமாம். கம்மாபுரத்துச் சேவல் கட்டிக் கிடந்த வாரத்தில் வந்த முட்டைகளெல்லாம் ஆபீசருடையவை. தெரிந்துதான் உடனே பொறுக்கி அடை வைத்திருக்கிறாள்.

நாங்கள் கரியும் குடையும் வைத்துக்கொண்டு நின்றபோது, இந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு கல்யாணத்தையே நிறுத்தியிருக்கிறாள்.

"ஏம்மா, எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்னு வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் மாமா. அவங்க வந்துட்டுப் போன அன்னைக்கே அம்மாகிட்ட சொன்னேன். 'இவனையும் விட்டா உனக்கு வேற எவன் வருவான்'னு கேட்டாங்க. அப்பாகிட்ட சொன்னேன். 'பெரியவங்க பேச்சு முடிஞ்சுபோச்சு'ன்னாங்க. நான் சொன்னா நம்ம வீட்ல எடுபடாது. கறுப்பசாமி சொன்னா எடுபடும்ல?"

அடுத்த பஸ்ஸும் வந்துவிட்டுப் போனது.

"அந்தம்மா சொன்னாங்களே, பிள்ளைக எங்க கலர்ல பொறந்துரும்னு. கோழிக்கு அது சரிதான் மாமா. மொதத் தலைமுறைக்கு சரி. ஆனா கறுப்பு எங்கயும் போகாது. வெள்ளைக்கு உள்ளயே உக்காந்திருக்கும். பேரப்பிள்ளைக வரும்போது எந்திரிச்சு வெளிய வரும். அந்தப் பெட்டக்குஞ்சு பொரிச்ச அன்னைக்குத்தான் நான் மனசாரச் சிரிச்சேன்."

அப்போது தோளில் இருந்த குழந்தை விழித்துக்கொண்டது. பெண் குழந்தை. பெரிய கண். அம்மாவின் நிறம். நான் பார்ப்பதைக் கஸ்தூரி பார்த்துவிட்டாள்.

"இவ பொறந்தப்போ மாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க மாமா. நான் இவளப் பாக்கவே இல்ல. அவங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். என்ன சொல்லப் போறாங்களோன்னு பயம்."

"என்ன சொன்னாங்க?"

"'அழுவுது பாரு, பசி போல, எடுத்துப் பால் குடு'ன்னாங்க. அவ்ளோதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு குழந்தையைப் பார்த்ததும் அதன் பசி தெரிகிற ஒரு மனுஷிக்காக, ஒரு பெண் எவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது பாருங்கள்.

விருத்தாசலம் பஸ் வந்தது. ஏறப் போனவள் படியில் நின்று திரும்பினாள்.

"ஆபீசர்கிட்டதான் மன்னிப்புக் கேக்கணும் மாமா. அந்தத் தீபாவளிக்கு நீங்க குடுத்தனுப்பின கொழம்ப நான் தொடவே இல்ல."

ஆக, ஆபீசர் நிரபராதி. அதுவும் தீர்ப்பு எந்த ஊரில் வந்தது? உயிர்க்கொலை கூடாது என்று சத்திய ஞான சபை சொல்லும் வடலூரில். குற்றம் சுமத்தி, சிறையில் வைத்து, தண்டனையையும் நிறைவேற்றி இத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறது தீர்ப்பு.

கனத்த மனசோடு வீட்டுக்கு வந்து சரசுவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னாள்:

"பாவம்ங்க... ஆனா, குழம்பு நல்லாத்தான் இருந்தது."